கல்லில் இறக்கி வைத்த அலுப்பு

ஈச்சமடை விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் கண்ணில் முதலில் படுவது சுமைதாங்கிக் கல், அப்புறம் வேப்பமரம், அப்புறம் நிழற்குடை, எல்லாவற்றுக்கும் பிறகுதான் நாங்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டு ஆள் கழுத்து உயரத்துக்கு நிற்கும் அதை, நிறைமாதத்தில் போய்ச் சேர்ந்த யாரோ ஒரு மகராசிக்காக, அவள் இறக்கி வைக்க வழியில்லாமல் கூடவே கொண்டுபோன சுமையை நினைத்து அவள் வீட்டார் வைத்தார்கள் என்பார்கள். கல்லில் வெட்டியிருந்த பெயர் மழையில் தேய்ந்துபோயிற்று, கல் செய்கிற வேலை தேயவில்லை. புல்லுக்கட்டு, பீடி இலை மூட்டை, ரேஷன் அரிசி, இப்போது கேஸ் சிலிண்டர்கூட, தலையில் ஏறிய எதுவும் அதில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் ஊருக்குள் வரும். சுமையோடு ஒருவர் வந்தால் பக்கத்தில் நிற்பவர், சண்டைக்காரராகவே இருந்தாலும், "இறக்கி விடவா?" என்று கேட்டாக வேண்டும், கிளம்பும்போது "தூக்கி விடவா?" என்று கேட்டாக வேண்டும், இது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. கல்லில் இருப்பது வைத்தவருடையது, அவர் வாயால் கொடுத்தால் ஒழிய மூன்று நாள் கிடந்தாலும் நாங்கள் தொட மாட்டோம். பீடி சுற்றுகிற தங்கபுஷ்பம் ஒரு தடவை, கழுத்து நிறைய மாலையோடு வந்து இறங்கிய கல்யாணப் பெண்ணைப் பார்த்தே "இறக்கி விடவா?" என்று கேட்டுவிட்டாள், மாப்பிள்ளை முகம் போன போக்கை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறோம்.

அந்த வருஷம் மாசி மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் ஒரு பந்தயம் வந்தது. மலையடிவாரத்து அணையில் இரண்டு கிலோமீட்டர் நீந்தி, கரையேறின ஈரத்தோடு தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, சைக்கிளைப் போட்டுவிட்டு இருபத்தொரு கிலோமீட்டர் ஓட வேண்டும், காலை ஆறு மணிக்குத் தண்ணீரில் குதித்தவர் மத்தியானம் மூன்று மணிக்குள் அணைக்கே திரும்பி வந்து கோட்டைத் தாண்ட வேண்டும், தாண்டினால் கழுத்தில் ஒரு பதக்கம், வேறொன்றும் கிடையாது. பங்குனி வெயில் பிடித்துவிட்டால் இந்த மாதிரிப் பந்தயமே நடத்த மாட்டார்களாம், அந்தப் பருவத்துக்கு அதுதான் கடைசி. ஓட்டப் பாதை எங்கள் விலக்கு வழியாகக் குளத்துக்கரை மடை வரைக்கும் போய் அதே வழியில் திரும்புவதால், வேப்பமர நிழலில் ஒரு மேஜை போட்டுத் தண்ணீரும் வாழைப்பழமும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் கொடுக்கச் சொல்லி எங்களைக் கேட்டிருந்தார்கள். கழுத்தில் விசில் மாட்டிய ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து சட்டம் சொன்னார்.

"நீங்க கொடுக்கிறதை அவங்க கையில வாங்கிக்கலாம். ஆனா யாரும் யாரையும் தொடக்கூடாது, தாங்கக்கூடாது, தள்ளிவிடக்கூடாது. வெளியாள் உதவி செஞ்சா அவங்க ஆட்டத்துல சேர்த்தி இல்ல."

"விழுந்தாக்கூடவா?" என்று கேட்டாள் பேராச்சி. ரிட்டயரான ரயில்வே கேட்டுக்காரர் பூதத்தானுடைய சம்சாரம், எதையும் ஒருமுறை கேட்டுத் தெளிந்துகொள்கிறவள்.

"விழுந்தா அவங்களே எந்திரிக்கணும்மா."

"அப்பம் நாங்க எதுக்கு?"

"கை தட்டுறதுக்கு."

அப்படியே கை தட்டினோம். உரித்த கோழி மாதிரி மினுமினுவென்று ஒவ்வொருவராக வந்து போனார்கள், பாதிப்பேர் எங்களைப் பார்க்கவேயில்லை. வெயில் உச்சி தாண்டின பிறகு, இனி யாரும் இல்லை என்று மேஜையை ஒதுங்க வைக்கிற நேரத்தில் வந்தாள் இருநூற்றுப் பதினேழாம் நம்பர். பெயரும் ஊரும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது, இப்போதே சொல்லிவிடுவது நல்லது: வேதநாயகி, நாற்பத்தாறு வயது, விருதுநகர் தபால் ஆபீஸில் கவுண்டரில் உட்காருகிற வேலை, அந்தப் பருவத்தில் அதற்கு முன் இரண்டு பந்தயம் போய், ஒன்றில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு சைக்கிளோடு சாய்ந்தாள், இன்னொன்றில் ஒரு கிலோமீட்டர் பாக்கி இருக்கையிலேயே நேரம் முடிந்துவிட்டது. அவள் ஓடி வரவில்லை, நடந்து வரவுமில்லை, யாரோ பின்னாலிருந்து தலைமேல் அழுத்த அழுத்த, ஒவ்வொரு காலாக மண்ணிலிருந்து பிடுங்கி வைத்து வந்தாள். சுமையோடு வருகிறவர்களைப் பிறந்ததிலிருந்து பார்க்கிற ஊர் எங்களுடையது, அந்தக் கழுத்து எங்களுக்குத் தெரியும். தங்கபுஷ்பம் கையிலிருந்த தண்ணீர் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, யோசிக்கவேயில்லை, கேட்டுவிட்டாள்.

"இறக்கி விடவா?"

"இறக்கி விடுங்கக்கா, முடியல" என்று வேதநாயகியும், என்ன கேட்டார்கள், என்ன சொன்னோம் என்று தெரியாமல் கல்லுக்கு முன்னால் நின்று கழுத்தைக் கொடுத்தாள்.

தங்கபுஷ்பம் இரண்டு கையையும் அவள் தலைக்கு மேல் நீட்டி, இல்லாத மூட்டைக்கு இருக்கிற விளிம்பைப் பிடித்து, "ம்ம், விடு" என்று தூக்கிக் கல்லில் வைத்தாள். கல் லேசாக முனகியது. வைத்த இடத்தில் ஈரம் பூத்து, வேம்பிலிருந்து உதிர்ந்த ஒரு பழுத்த இலை அந்த இடத்துக்கு மேலே வந்ததும் அவசரத்தை விட்டுவிட்டு மெதுவாக இறங்கியது.

"கனமா இருக்காட்டி?" என்றாள் பேராச்சி.

"நனைஞ்ச பீடி இலை ஒரு மூட்டை கனம் இருக்கு மைனி" என்று தங்கபுஷ்பம் தோளைத் தேய்த்துக்கொண்டாள்.

அதற்குள் வேதநாயகி பத்தொன்பது வயதுக்காரி போல மடையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள். விசில்காரர் பாய்ந்து வந்தார். "தொட்டீங்களாம்மா?"

"தொடல."

"தாங்கினீங்களா?"

"அவளத் தாங்கல. அவ கொண்டாந்ததத் தாங்குனேன்."

"என்ன கொண்டு வந்தாங்க?"

"அலுப்பு. அன்னா இருக்கு, வேணும்னா தூக்கிப் பாருங்க."

அவர் கல்லில் ஒரு கையை வைத்துப் பார்த்தார், கொட்டாவி விட்டார், கையை எடுத்தார், நோட்டைப் பிரித்து ஒவ்வொரு சட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். அலுப்பைப் பற்றி அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நோட்டை மூடிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

கால்மணி நேரத்தில் வேதநாயகி மடை தொட்டுத் திரும்பி வந்தாள். தங்கபுஷ்பம் மூட்டைப் பக்கத்தில் தயாராக நின்று, "ஏ பிள்ளே, தூக்கி விடவா?" என்று கத்தினாள். வேதநாயகி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், ஓட்டம் நிற்காமல் கையை ஆட்டிக்கொண்டே, "இருக்கட்டும்க்கா!" என்று சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டாள். மூன்று மணிக்குப் பதினொரு நிமிஷம் இருக்கும்போது அவள் கோட்டைத் தாண்டியதாக விசில்காரர் திரும்பும் வழியில் சொன்னார், எங்கள் வீட்டுப் பெண் தாண்டியது போல நாங்கள் மிச்சமிருந்த வாழைப்பழத்தையெல்லாம் சாப்பிட்டோம்.

அன்று சாயங்காலம் முதலில் ஒரு வெள்ளாடு கல்மேல் குதித்து, குதித்த காலோடு உறங்கிப் போயிற்று. அதைத் தூக்கி இறக்கப் போனவர் பூதத்தான். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்: முப்பத்தொரு வருஷம் கேட்டுக் குடிசையில் ரயிலுக்காக முழித்திருந்தவர், தண்டவாளத்துக்கு அடியில் ரோடு தோண்டிக் கேட்டை எடுத்த அன்றைக்கு அவரும் வேலையிலிருந்து இறங்கினார், ஆனால் உறக்கம் திரும்பவில்லை, ஒன்பது வருஷமாக ஒரு பொட்டு உறக்கமில்லாமல் வராத ரயிலுக்குக் காது கொடுத்துத் திரிந்தார். ஆட்டைத் தூக்க முழங்கையைக் கல்லில் ஊன்றினவர், "இதென்னட்டி, வெதுவெதுன்னு" என்று பேராச்சியைக் கேட்டார், கேட்ட வாய் மூடவில்லை, நின்றபடியே கன்னத்தைக் கல்லில் வைத்துக் குறட்டை விட்டார். பேராச்சி பக்கத்தில் போய், எழுப்பவில்லை, கூப்பிடவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தக் குறட்டையைக் கச்சேரி கேட்பது போல ஒரு மணி நேரம் நின்று கேட்டாள்.

திங்கட்கிழமை காலையில் கல்லைச் சுற்றி ஊர் கூடியது. தொடலாமா கூடாதா என்பதுதான் பேச்சு.

"வச்சவ வாயால கொடுக்கணும்லா?"

"கொடுத்தாளே. 'இருக்கட்டும்'னு சொன்னாளா இல்லையா?"

"பலகாரம் கொடுத்து விட்ட தூக்குவாளியத் திருப்பிக் கொண்டு போனா, 'இருக்கட்டும்'னு சொன்னா என்ன அர்த்தம்? நீயே வச்சுக்கோன்னுதான?"

"அதான் அர்த்தம்."

"மகராசி, நல்லா இருக்கட்டும்."

இப்படித்தான் அந்தத் தப்பு நடந்தது, யாரும் களவாங்கவில்லை, ஒரு சொல்லை எங்கள் ஊர் வழக்கப்படி எடுத்துக்கொண்டோம். தங்கபுஷ்பம்தான் பங்கு வைத்தாள், துண்டை நனைத்துப் பிழிந்து அதில் ஒரு கைப்பிடி அலுப்பை முடிந்து கொடுத்தால், வீட்டுக்குப் போகும் வரை சிந்தாது. இரட்டைப் பிள்ளை பெற்ற கடைசித் தெருக்காரி ஒரு சிட்டிகையை இரண்டு தொட்டிலுக்கும் நடுவில் தொங்கவிட்டாள், பிள்ளைகள் உறங்கின, அவளும் உறங்கினாள், பார்க்க வந்த நாத்தனாரும் உறங்கினாள். பஞ்சாயத்துக் கூட்டத்தில் யாரோ மேஜைக்கடியில் கொஞ்சம் வைத்துவிட்டதில் இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்கி, எழுந்து, தெருக்குழாய் சமாச்சாரத்தைச் சண்டையில்லாமல் முடித்தார்கள். பள்ளிக்கூடத்து சார் கணக்குப் பாடத்துக்கு மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அலுப்பு புளிக்குமா, மண்பானையில் வைத்தால் தாங்குமா, சவூதியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிற மகனுக்குப் பார்சல் எடுப்பார்களா என்றெல்லாம் கேள்வி வந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினாருக்கு இருமல் தாளாமல் உறக்கம் போய்விட்டது என்று ஆள் வந்தது, அவருக்கும் ஒரு முடிச்சுக் கொடுத்துவிட்டோம். பூதத்தானுக்கு மட்டும் கேட்காமலேயே தினம் ஒரு பிடி. விருதுநகர்ப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஊரே மத்தியானத்தில் பாய் விரித்தது. புதன்கிழமை அந்தியில் தங்கபுஷ்பம் கல்லை வழித்து, கடைசிப் பிசுக்கையும் துடைத்து ஒரு நோயாளிக்குக் கொடுத்தாள், கல் காய்ந்துவிட்டது.

வியாழக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில், கையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாப் பெட்டியோடு வேதநாயகி வந்து இறங்கினாள்.

நாங்கள் ஓடிப் போய்ச் சூழ்ந்துகொண்டோம். நாற்காலி போட்டோம். மோர் கொடுத்தோம். நீ நல்லாயிருக்கணும் தாயி என்று முகத்தைத் தடவினோம். அவளிடம் ஏதோ ஒன்று குறைவது தடவின கைக்குத் தெரிந்தது, கண் பளபளவென்று கண்ணாடிக் குண்டு மாதிரி இருந்தது, இமைக்க மறந்திருந்தாள். பால்கோவாவைக் கொடுத்துவிட்டு, "அக்கா, அன்னைக்கு இறக்கி விட்டீங்களே, இல்லேன்னா முடிச்சிருக்க மாட்டேன். என் அலுப்பை எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள்.

எங்கள் கண்ணெல்லாம் கல்லுக்குப் போயிற்று.

"நீதான பிள்ளே, இருக்கட்டும்னு சொன்ன" என்றாள் தங்கபுஷ்பம், குரல் இறங்கிவிட்டது.

"அங்கேயே இருக்கட்டும், அப்புறம் வந்து எடுத்துக்கிறேன்னுதான்க்கா சொன்னேன்."

பேராச்சி தலையில் கையை வைத்துக்கொண்டு, யார் யாருக்குக் கொடுத்தோம் என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

வேதநாயகி கோபப்படவில்லை, அதுதான் எங்களைக் கொன்றது. மெதுவாகச் சொன்னாள்: "கோட்டைத் தாண்டினதும் எல்லாரும் விழுந்து கிடந்தாங்க, கட்டிப் பிடிச்சு அழுதாங்க, நான் மட்டும் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நின்னேன்க்கா. நாலு நாளா உறக்கம் இல்ல. உறக்கம் வரலேன்னுகூடத் தோணல, படுத்தா படுத்த மாதிரி இல்ல, உக்காந்தா உக்காந்த மாதிரி இல்ல. ஞாயித்துக்கிழமைக்கும் இன்னைக்கும் நடுவுல ஒரு ராத்திரியே வரல. எத்தனை வேலை செஞ்சாலும் மேல எதுவும் ஏற மாட்டேங்குது."

"ஏறாதும்மா" என்றார் பூதத்தான். "எறக்கி வச்சத எடுக்காத தலையில வேற சொமை ஏறாது." ஒன்பது வருஷம் அப்படியே திரிந்தவர், அவருக்குத் தெரியும்.

"அப்ப கொடுத்துட்டேன்னு சொல்லிடறேன். அய்யா தூங்குறாரே, குழந்தைங்க தூங்குதே. கொடுத்துட்டேன்."

சொன்னாள். காத்திருந்தோம். கண் மூடவில்லை. இல்லாததை எப்படிக் கொடுப்பது, கல் காய்ந்து கிடந்தது.

எங்களுடையதைக் கொடுப்போம் என்றாள் தங்கபுஷ்பம். அன்று காலையிலிருந்து எண்ணூறு பீடி சுற்றின அலுப்பைத் தோளிலிருந்து இறக்கிக் கல்லில் வைத்தாள், பக்கத்து வீட்டுக்காரிகளும் வைத்தார்கள். தூக்கி விட்டதும் வேதநாயகியின் விரல் மடங்கியது, முதுகு கூன் போட்டது, "அம்மா, எப்படிக்கா இதோட இருக்கீங்க?" என்று கேட்டாள், ஆனால் கண் அப்படியே பளபளத்தது. உட்கார்ந்து படுகிற அலுப்பு அவளிடம் ஏற்கெனவே இருபது வருஷத்துக்கு இருந்தது, அவள் விட்டுப்போனது வேறு சாதி: தண்ணீரில் நனைந்து, காற்றில் காய்ந்து, வெயிலில் வெந்த அலுப்பு. அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது, எந்த வேலையிலும் கிடைக்காது. அவள் பஸ்ஸுக்கு எழுந்தாள். "பரவாயில்லக்கா, பழகிக்கிறேன்" என்றாள்.

"ஒக்காரு" என்றார் பூதத்தான். ஒன்பது வருஷத்தில் அவர் அப்படிச் சத்தம் போட்டு நாங்கள் கேட்டதில்லை. "நாலு நாளா நான் ஒறங்குனது ஒன் ஒறக்கம். ஞாயித்துக்கெழம வா. ஒனக்கு உள்ளத உண்டாக்கித் தாரோம்."

"எப்படிங்கய்யா?"

"நீ எப்படி உண்டாக்குனியோ அப்படியே."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஈச்சமடைக் குளத்தில் நாங்கள் இறங்கினோம். தூரத்தை அளந்து சொல்ல விசில்காரருக்குப் போன் போட்டோம், அவரும் வந்துவிட்டார், வந்தவர் "இது போட்டியே இல்லையே" என்றார், "அப்பம் விசில எதுக்குவே கொண்டாந்திய?" என்று கேட்டதும் கழுத்தில் மாட்டிக்கொண்டார். தாமரை இலை பறிக்கிறவர்களும் வாத்து மேய்க்கிறவர்களும் எருமைகளுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டரைப் பங்கு போட்டு நீந்தினார்கள், கரையேறினதும் கால் நடுங்க நடுங்க வந்து ஈர அலுப்பைக் கல்லில் வைத்துவிட்டு, பாரம் போன லேசில் சிரித்துக்கொண்டே போனார்கள். அப்புறம் சைக்கிள்: பால்காரர், தபால்காரர், பள்ளிக்கூடத்து சார், ஐஸ் பெட்டி கட்டின சைக்கிள், கேரியரில் புல்லுக்கட்டு இருந்த சைக்கிள், விலக்கிலிருந்து தேரிமேடு வரைக்கும் போய்ப் போய்த் திரும்பினார்கள். ஓட்டம் பெண்களுடையது, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்துக்கரையில் ஓடினார்கள், நாத்தனாரை முந்த வேண்டும் என்று ஓடினவர்களும் உண்டு, பேசிக்கொண்டே ஓடினவர்களும் உண்டு, பேராச்சி ஒரு கிலோமீட்டர் முழுக்க விசில்காரரைக் கேள்வி கேட்டுக்கொண்டே ஓடினாள். செயின் கழன்றால் நாலு பேர் மாட்டினோம், விழுந்தால் தூக்கினோம், மேட்டில் முதுகைப் பிடித்துத் தள்ளினோம், விசில்காரர் ஊதி ஊதி ஓய்ந்தார்.

"வெளியாள் உதவி! வெளியாள் உதவி!"

"இங்க எவன்வே வெளியாள்?" என்றார் பால்காரர், அத்தோடு அவர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, வேட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டு தானும் இரண்டு கிலோமீட்டர் ஓடினார்.

தொண்ணூறில் நாற்பது கிலோமீட்டரை ஒற்றை ஆளாக மிதித்தவர் பூதத்தான், அறுபத்தொன்பது வயது, பழைய ரயில்வே சைக்கிள். இறங்கி வந்தபோது அவரால் காலை மடக்க முடியவில்லை, கண் சொருகியது, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கே அவருக்கென்று சொந்தமாக ஒரு அலுப்பு வந்திருந்தது. "ஏங்க, கொஞ்சம் வச்சுக்கிடுங்க, ஒரே ஒரு பிடி" என்று பேராச்சி கையைப் பிடித்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, "கடனாளி மாரி ஒறங்கப்பிடாதுட்டி" என்று அத்தனையையும் கல்லில் வைத்தார். வைத்ததும் கண் பழையபடி அகலத் திறந்துகொண்டது. பேராச்சி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு எல்லாம் சேர்ந்தது. கல்லின் மேல் அது ஒரு வைக்கோல் போர் அளவுக்கு நின்றது, பார்க்க முடியாது, ஆனால் காக்கை சுற்றிப் போயிற்று. வேதநாயகி முன்னால் வந்து கழுத்தைக் கொடுத்தாள், தங்கபுஷ்பம் ஒரு பக்கமும் பூதத்தான் ஒரு பக்கமும் பிடித்து, "தூக்கி விடவா?" என்று கேட்டார்கள்.

"தூக்கி விடுங்க."

ஏற்றினார்கள். அவள் முழங்கால் வளைந்தது, முகத்தில் ரத்தம் ஏறியது, "ஆத்தாடி" என்று ஒரு சத்தம் வயிற்றிலிருந்து வந்தது, உடனே, அத்தனை பேருக்கு நடுவில், ஓவென்று அழுதாள், அணைக்கரைக் கோட்டில் அழ வேண்டிய அழுகை அது, ஒரு வாரம் தள்ளி எங்கள் ஊரில் வந்து சேர்ந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். "தாமரைத் தண்டு வாசம் அடிக்குதுக்கா. யாருக்கோ இடது முட்டி வலிக்குதே, யாருக்கு?" என்றாள், பால்காரர் கையைத் தூக்கினார். "நாத்தனார் சண்டைகூட இருக்கு" என்றாள், விலக்கே சிரித்தது.

அப்புறம், "கொஞ்சம் நில்லுங்க" என்றாள். "இது என்னுதைவிட ஜாஸ்தி."

இருக்காதா பின்னே? பழகின ஒருத்தி படுகிற பாட்டைப் பழகாத நூறு பேர் பங்கு போட்டுப் பட்டால் கூடத்தான் செய்யும். அவள் தோளைச் சாய்த்து, வேண்டியதை வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தன் இரண்டு கையாலும் அள்ளினாள், அள்ளின கை கனத்தில் நடுங்கியது, பூதத்தானுக்கு நேராக நீட்டி, ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வந்துவிடாதபடி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"அய்யா. இது என்னோடது. இதை நான் உங்களுக்குக் கொடுக்கிறேன். நீங்க வாங்கிக்கணும். திருப்பி எடுக்க வர மாட்டேன்."

பூதத்தான் பேராச்சியைப் பார்த்தார். "வாங்குங்களேன், பிள்ளைக்குக் கை வலிக்குல்லா" என்று அவள் அதட்டினாள். துண்டை விரித்து, சாமி பிரசாதம் போலக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

வேப்பமரத்தடியில் இரண்டு பாய் விரித்தோம். ஒன்றில் அவள், ஒன்றில் அவர், இருவருக்கும் நடுவில் பேராச்சி விசிறியோடு உட்கார்ந்தாள். வேதநாயகியின் இமை மூடுவதை முந்நூறு பேர் நின்று பார்த்தோம், முதலில் வலது கண், அப்புறம் இடது. அவள் வாய் லேசாகத் திறந்து, அப்பாடா என்று மூச்சு இறங்கியபோது யாரோ கும்பிட்டார்கள், எல்லோரும் கும்பிட்டோம்.

அந்த நேரம் பார்த்து மூன்று பத்துக்கு வருகிற பஸ் வளைவில் திரும்பியது. அந்த டிரைவர் விலக்குக்கு விலக்கு ஆரன் அடிக்காமல் நிறுத்தியதில்லை, அந்த வண்டி இன்ஜின் சத்தத்தில் பிள்ளை அழுகிற சத்தம்கூடக் கேட்காது. முந்நூறு பேரும் ரோட்டில் இறங்கி விரலை வாயில் வைத்தோம். டிரைவர் பயந்துபோய் வண்டியை அணைத்தார். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்னய்யா, சாவா?" என்று ஜாடையில் கேட்டார். "உறக்கம்" என்று தங்கபுஷ்பம் கன்னத்தில் கை வைத்துக் காட்டினாள். அவர் பாயைப் பார்த்தார், பூதத்தான் உறங்குவதைப் பார்த்தார், அந்த ரூட்டில் ஒன்பது வருஷமாகப் பூதத்தானைத் தெரிந்தவர், விசிலை மெல்ல உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார்.

எங்கள் விலக்கில் இறங்க வேண்டியவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். அப்புறம் அந்த பஸ்ஸை, உள்ளே மிச்சமிருந்த நாற்பது பேரோடு, கோழிக் கூண்டோடு, மேலே கட்டியிருந்த வாழைத்தாரோடு, இன்ஜின் போடாமல், பின்னால் ஊர் முழுக்கக் கை வைத்து, மேட்டில் ஏற்றி, சத்தம் காதில் விழாத தூரத்தில் இருக்கிற பாலம் வரைக்கும் தள்ளினோம், ஒருவரும் ஐலசா போடவில்லை, மூச்சு மட்டும்தான் கேட்டது, விசில்காரரும் வேட்டியை மடித்துக் கட்டித் தள்ளினார். பாலத்தில் வண்டியை விட்டுவிட்டுத் திரும்பும்போது எங்கள் முதுகும் தொடையும் பிய்ந்துபோயிருந்தது, கையைத் தூக்க முடியவில்லை, நடக்க நடக்கக் கண் சொருகியது. அதை யாரும் எங்கேயும் இறக்கி வைக்கவில்லை. அவரவர் அலுப்பை அவரவர் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், வெயில் சாயுமுன் ஈச்சமடை மொத்தமும் படுத்தோம்.